கை குலுக்காதவர்கள்

கிளேட்டன், மெல்பேர்ண்
1974 மார்ச் 3

அன்புள்ள பஞ்சலிங்கம்,

வந்து ஒரு வருடமாகியும் ஒரு கடிதம் இல்லை என்று நீ என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பரீட்சைகள் முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டன. யாழ்ப்பாணக் கோட்டில் பதினெட்டு வருடம் அப்புக்காத்தாக வழக்குப் பேசியவன் நாற்பத்திநாலு வயதில் மறுபடியும் மாணாக்கனாகியிருக்கிறேன். இங்கே ஆறு மாதம் ஒரு பாரிஸ்டரின் அறையில் ஒரு மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்து தொழில் பழக வேண்டும். அதன் பிறகுதான் பாரிஸ்டர்களின் பெயர்ப்பட்டியலில் கையெழுத்துப் போட விடுவார்கள். எனக்குத் தொழில் பழக்குபவர் பெல்லமி. என்னைவிட ஆறு வயது இளையவர்.

முதல் நாளே மானம் கப்பலேறியது. நீல சூட் போட்டுக்கொண்டு, வில்லியம் தெருவில் ட்ராமால் இறங்கி, அந்தக் கட்டடத்தில் பெல்லமி இருக்கும் மாடி முழுக்க அறை அறையாகப் போய் எல்லோருக்கும் கை கொடுத்தேன். என் மனுசி பத்மாதான் சொல்லிவிட்டாள், வெள்ளைக்காரரிடம் கையை இறுக்கிப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று. ஒவ்வொருவரும் என் கையை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் தந்தார்கள். நிறம் பார்க்கிறார்களாக்கும் என்று எனக்கு முகம் சுண்டிப்போனது. மத்தியானம் பெல்லமி சிரித்துச் சிரித்துச் சொன்னார்: பாரிஸ்டர்கள் ஒருவருக்கொருவர் கை குலுக்குவதே இல்லையாம். லண்டனில் தொடங்கிய வழக்கம். அந்தக் காலத்தில் ஒருவன் கை நீட்டினால், என் கையில் கத்தி இல்லை, பார்த்துக்கொள் என்று அர்த்தமாம். “நமக்குள் அந்த அத்தாட்சி தேவையில்லை” என்றார். மச்சான், எனக்கு மயிர் கூச்செறிந்தது. நாளெல்லாம் எதிரும் புதிருமாக நின்று சண்டை பிடிக்கிறவர்கள், இவன் கையில் கத்தி இருக்காது என்று முன்னூறு நானூறு வருடமாக நம்பி வருகிறார்கள்.

இன்னொரு சங்கடம், இவர்களுக்குள் மிஸ்டரும் கிடையாது, சேரும் கிடையாது. நேற்று வந்தவனும் நாற்பது வருடம் நின்றவனும் ஒருவரையொருவர் குடும்பப் பெயரால்தான் கூப்பிட வேண்டும். பெல்லமியை வெறும் பெல்லமி என்று கூப்பிட ஒரு கிழமை பயிற்சி எடுத்தேன். வாய் திறந்தால் “சேர்” என்றுதான் வருகிறது.

கறுப்பு அங்கியின் கதை கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். முன்னூறு வருடத்துக்கு முன் ஒரு இங்கிலாந்து ராசா செத்துப்போனதற்குத் துக்கம் காட்டிப் போட்டதாம், பிறகு யாரும் கழற்றவில்லை என்று சொல்லுகிறார்கள். எட்டாம் நாள் சடங்கும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, செத்தவீட்டுத் துடக்கு இன்னும் கழியவில்லை. லண்டனில் பெல்லமியின் பாட்டனார் பாரிஸ்டரானது சட்டப் பரீட்சையைவிட, பாரிஸ்டர் சங்கத்து மண்டபத்தில் இத்தனை இரவுச் சாப்பாடு சாப்பிட்டார் என்ற கணக்கில்தானாம். அப்படியென்றால் நீ எப்போதோ பிரதம நீதியரசராகியிருக்க வேண்டும்.

அங்கே புதுச் சட்டம் வந்து, பேசுகிற அப்புக்காத்தையும் காகிதம் எழுதுகிற பிரக்கிராசியையும் ஒரே தொழிலாக்கிவிட்டார்களாமே. இனி நீயும் அங்கி போட்டு முன்கதிரையில் இருக்கலாம். போட்டுவிட்டாயா? எழுது.

உன்,
தில்லைநாதன்


சாவகச்சேரி
1974 மார்ச் 29

அன்பின் தில்லை,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சந்திரவதனாவுக்கும் வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டுக் கதையில் என் மனுசி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. உன்னை இனாம் கேட்க வந்த தபாற்காரன் என்று நினைத்திருப்பார்கள், வாசல் வாசலாய்ப் போய்க் கை நீட்டினால்.

ஆம், ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நான் பிரக்கிராசி இல்லை. அப்புக்காத்துக்கும் எனக்கும் இனி ஒரே பட்டம், சட்டத்தரணி. இங்கிலாந்துக்காரன் தன் ஊரில் தொழிலை இரண்டாகப் பிரித்தான், அதைக் கப்பலில் ஏற்றி இங்கேயும் இறக்கினான். ஒருவன் பேசுவான், மற்றவன் பின்னாலிருந்து காகிதம் நீட்டுவான். நான் இருபது வருடம் காகிதம் நீட்டினேன். அங்கி தைத்தாயிற்று. தையற்காரர் பழனிசாமி அளவெடுத்துவிட்டு, இது கலியாணத்துக்கோ என்று கேட்டார். அலுமாரியில் தொங்குகிறது. இன்னும் போடவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியாதா? மாவட்டக் கோட்டில் முன்பும் பிரக்கிராசி எழும்பிப் பேசலாம்தான். நான் தனியாக எழும்பிப் பேசிய கடைசிக் காணி வழக்கு எது? சிவமணி அக்காவின் வழி வழக்கு. அறுபத்திரண்டு மே. எதிர்ப் பக்கத்தில் நீ. ஒரு விதவை தன் வீட்டிலிருந்து கிணற்றுக்கு நாற்பது வருடமாக நடந்த பாதை. பக்கத்துக் காணிக்காரன் வேலி போட்டு அடைத்தான். பாதை இடையில் நாலு முழம் தள்ளிப்போயிருக்கிறது, ஒரே பாதை என்று சொல்ல முடியாது என்று நீ வாதாடினாய். அதை உடைக்க நான் தேடிய தீர்ப்பு ஒன்றும் அகப்படவில்லை. தோற்றேன். அதற்குப் பிறகு எந்தக் காணி வழக்கிலும் நான் தனியாக எழும்பவில்லை, அப்புக்காத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் இருந்துகொண்டேன்.

உன்னில் குறை சொல்லவில்லை, நீ உன் வேலையைச் செய்தாய். போன கிழமை சிவமணி அக்கா ஒரு கையெழுத்துக்கு வந்தா. இன்னமும் தெரு ஒழுங்கையால் சுற்றித்தான் தண்ணீர் எடுக்கிறா.

பத்மாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். உன் பெல்லமியைப் பற்றி இன்னும் எழுது, சுவையாக இருக்கிறது.

பஞ்சலிங்கம்


கிளேட்டன்
1974 யூன் 23

அன்புள்ள பஞ்சலிங்கம்,

இரண்டு மாதமாக உன் கடிதம் என் மேசையில் கிடக்கிறது. தொட்டுத் தொட்டு வைத்தேன். அதற்குப் பதில் எழுத முடியாமல் இன்று வேறொன்றை எழுதுகிறேன். இதை எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

டன்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயானிஸ் என்ற கிரேக்க மனிதருக்கு அச்சுப் பொறியில் மூன்று விரல் போயிற்று. கம்பனி நீட்டிய ஒரு தாளில், ஆங்கிலம் தெரியாமல், இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தத் தாள் செல்லாது என்று எங்கள் வழக்கு. பெல்லமி எனக்கு நூலக வேலை தந்தார். உயர் நீதிமன்ற நூலகம் ஒரு பெரிய கும்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அண்ணாந்தால் கோயில் போல, நாலு பக்கமும் கூரை வரைக்கும் புத்தகம். ஐந்நூறு வருடம் யார் யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் அங்கே தூங்குகிறது. அதற்குள் போனால் என் செருப்புச் சத்தமே எனக்கு வெட்கமாக இருக்கும்.

மூன்றாம் நாள் ஒரு பழைய தீர்ப்பைக் கண்டுபிடித்தேன். எங்களுக்கு எதிரானது. வாசிக்கத் தெரியாமல் போட்ட கையெழுத்தும் கட்டும் என்று அச்சொட்டாக எழுதியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தை மூடி, தட்டில் இருந்த இடத்திலேயே வைத்தேன். பெல்லமியிடம் போய்க் கதவைச் சாத்திவிட்டு, இப்படி ஒன்று இருக்கிறது, நல்லகாலம் எதிர்ப் பக்கத்துப் பொடியன் இதைக் காணவில்லை என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “புத்தகம் எங்கே?” என்றார். எடுத்துவரச் சொன்னார். வாசித்தார். பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பி, நடைக்கூடத்தால் போய், எதிர்ப் பக்கத்துப் பாரிஸ்டரின் கதவைத் தட்டி, அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தார். பக்கத்துக்கு அடையாளத் தாளும் வைத்துத்தான் கொடுத்தார், மச்சான்.

அடுத்த நாள் நீதிபதி முன் எழும்பி, எனக்கு எதிரான தீர்ப்பு ஒன்று இருக்கிறது, அதைத் தங்களுக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறேன் என்றார். பிறகு அது ஏன் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று இரண்டு மணி நேரம் உயிரைக் கொடுத்துப் பேசினார். பலிக்கவில்லை. பத்து நாளில் தீர்ப்பு வந்தது, தோற்றோம்.

வெளியில் இயானிஸ் தன் மகளை விட்டுக் கேட்பித்தார்: “நீங்கள் யாருடைய வக்கீல்?” அந்தப் பெண் அதை மொழிபெயர்க்கவே கூசினாள். பெல்லமி தலையில் இருந்த பொய்மயிரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “உங்களுடைய வக்கீல்தான். ஆனால் நீதிபதியை ஏமாற்றி உங்களுக்கு வக்கீலாக இருக்க எனக்கு அனுமதி இல்லை.” மேன்முறையீட்டைத் தானே சும்மா நடத்தித் தருவதாகவும் சொன்னார். இயானிஸ் மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். பெல்லமி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

நீதிபதி அவரைப் பார்த்த விதத்தை நான் பார்த்தேன். பெல்லமி ஒரு தீர்ப்பைப் பற்றி ஒன்று சொன்னால் அந்த மனிதர் புத்தகத்தைத் திறந்து சரி பார்ப்பதில்லை, எழுதிக்கொள்கிறார். இதைத்தான் கொழும்புச் சட்டக் கல்லூரியில் நானும் நீயும் பாடமாக்கினோம்: வக்கீலின் முதற் கடமை மன்றத்துக்கு, பிறகுதான் கட்சிக்காரனுக்கு. பரீட்சையில் எனக்குப் பத்துக்கு ஒன்பது. அது உண்மையிலேயே நடக்கிற காரியம் என்று இந்த வயதில்தான் கண்ணால் கண்டேன். அன்று ரயிலில் கிளேட்டன் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

இன்னும் எழுத இருக்கிறது. இன்று முடியவில்லை.

தில்லைநாதன்


சாவகச்சேரி
1974 யூலை 17

அன்பின் தில்லை,

இந்தக் கடிதத்தை நான் பகிடி பண்ணப் போவதில்லை. மூன்று தரம் படித்தேன். இங்கே நம்மவர்கள் சிலர் எதிரிக்குப் புத்தகம் போகாமல் பக்கத்தையே கிழித்துவிடுவார்கள். அடையாளத் தாள் வைத்துக் கொடுத்தானாமே. அப்படி ஒருவனிடம் தோற்றாலும் பெருமை என்று நினைத்தேன். அந்தக் கிரேக்கனை நினைக்க நெஞ்சு பொறுக்கவும் இல்லை. இரண்டும் ஒன்றாக மனதில் கிடந்து உழல்கிறது.

இப்போது என் விடயம். மட்டுவிலில் இருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. பங்குக் காணி வழக்கு. நீங்களே பேசுங்கோ ஐயா, வேறு அப்புக்காத்துப் பிடிக்க எங்களால் ஏலாது என்கிறார்கள். முடியாது என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டேன். மூன்றாம் தரமும் வந்து விறாந்தையில் இருக்கிறார்கள். சந்திரவதனா அலுமாரியைத் திறந்து அங்கியை வெயிலில் காயப்போட்டிருக்கிறா. அது வாயால் சொல்லுவதைவிட மோசம்.

பன்னிரண்டு வருடமாக உன்னிடம் கேட்காத ஒன்றை இன்று கேட்கிறேன். நீ எதிரில் நின்றவன், உனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு நான் எதைத் தவறவிட்டேன்? என்னிடம் படிப்புப் போதவில்லையா, மூளை போதவில்லையா? சிநேகிதன் என்று பார்க்காமல் சொல். மூளைதான் என்றால் அங்கியைப் பழனிசாமியிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

பஞ்சலிங்கம்


கிளேட்டன்
1974 ஓகஸ்ட் 4

பஞ்சலிங்கம்,

நீ ஒன்றையும் தவறவிடவில்லை. நான் ஒளித்தேன்.

பாதை சில முழம் விலகியிருந்தாலும் அது அதே பாதைதான், உரிமை போகாது என்று 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருந்தது. சிவமணியின் வழக்குக்கென்றே எழுதினது போல. வழக்கு விசாரணைக்கு இரண்டு கிழமை முன்னால் நான் அதைக் கண்டேன். யாழ்ப்பாணக் கோட்டு நூலகத்தில் அந்தப் புத்தகம் ஒரு பிரதிதான். நான் கையெழுத்துப் போட்டு எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். தீர்ப்பு வந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன். நீ அந்த நாட்களில் நூலகத்துக்குப் போய்த் தேடினாய் என்று எனக்குத் தெரியும். தட்டில் இருந்த இடைவெளியை நீ பார்த்தும் இருப்பாய்.

தேடிப் பிடிப்பது அவன் வேலை, எடுத்துக் கொடுப்பது என் வேலை இல்லை என்று எனக்கு நானே வாதாடினேன். பன்னிரண்டு வருடம் அந்த வழக்கை எனக்குள்ளேயே வென்றுகொண்டு வந்தேன். பெல்லமி புத்தகத்தோடு எழும்பிப் போனாரே, அந்த நாலு அடியில் தோற்றேன். நீ உன் கடிதத்தில் உன்னில் குறை தேடினாயே, அதைப் படித்த பிறகு இனியும் ஒளிக்க என்னால் ஏலவில்லை.

பெல்லமியிடம் சொன்னேன். “என்னிடம் சொல்லிவிட்டீர்கள். சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லையே” என்றார். அடுத்த மாதம் நான் பெயர்ப்பட்டியலில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நடந்ததைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடு. என்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி நீதியரசர்களுக்கு அனுப்பினாலும் நான் மறுக்கமாட்டேன். மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை. விறாந்தையில் இருக்கிற சனத்தை மட்டும் திருப்பி அனுப்பாதே.

தில்லைநாதன்


சாவகச்சேரி
1974 ஒக்டோபர் 6

தில்லைநாதன்,

இரண்டு மாதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ தாங்கியிருக்கமாட்டாய்.

முதலில் யாழ்ப்பாணம் போனேன். நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். இரவல் ஏட்டில் உன் கையெழுத்து இருக்கிறது, அறுபத்திரண்டு மே ஏழு. அதே வளைந்த ‘தி’. நின்ற நிலையில் தீர்ப்பை வாசித்தேன். நாலு பக்கம்தான். மூன்றாவது பக்கத்தில் நான் தேடித் தேடிக் காணாத வசனம் அப்படியே இருந்தது. அங்கே எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு பெரிய நியாயம் ஒரு சின்னப் புத்தகத்துக்குள் யாராவது வந்து திறக்கட்டும் என்று கிடந்திருக்கிறது. கோபம் பஸ்ஸில் வரும்போது வந்தது, சாவகச்சேரி வரைக்கும் உன்னை வைதுகொண்டே வந்தேன்.

அடுத்த நாள் உன் தாளை எடுத்துக்கொண்டு சிவமணி அக்காவிடம் போனேன். வாளியோடு அப்போதுதான் ஒழுங்கையால் வந்தா. வாசித்துக் காட்டினேன். வாளியை மெல்லக் கீழே வைத்தா. பிறகு சொன்னா:

“அப்ப நீங்கள் படிச்சுப்போட்டுத்தான் வந்தனீங்களோ தம்பி? நான் இவ்வளவு காலமும் உங்களைத்தான் மனசுக்குள்ளை திட்டினனான்.”

தில்லை, அந்த இடத்தில் நான் அழுதேன். என்னை யாராவது திட்டுகிறார்களா என்றே நான் பன்னிரண்டு வருடமாகப் பயந்திருந்தேன். ஆம், திட்டியிருக்கிறா. இனித் திட்டமாட்டா.

கோட்டில் இனி ஒன்றும் செய்ய ஏலாது, முடிந்த வழக்கு முடிந்ததுதான். உன் தாளை நீதியரசர்களுக்கு அனுப்பட்டோ என்று அவவிடமே கேட்டேன், வழக்கு அவவுடையது. வேண்டாம் என்றா. “அந்தத் தம்பியை ஒருக்கா வரச் சொல்லுங்கோ” என்றா, அவ்வளவுதான்.

மட்டுவில் வழக்குக்குப் போன செவ்வாய்க்கிழமை அங்கி போட்டேன். முதல் பத்து நிமிடம் தாளைப் பார்த்துத்தான் பேசினேன், பிறகு அதை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு எதிரான ஒரு தீர்ப்பை நானே எடுத்து நீட்டினேன். எதிர்ப் பக்கத்துக்காரன் என்னைப் பைத்தியம் என்று பார்த்தான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். வழக்கு இன்னும் முடியவில்லை, தோற்கவும் கூடும்.

இன்னொன்று. அந்தத் தீர்ப்பு வந்த அன்று கோட்டுப் படியில் நீ என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். சட்டக் கல்லூரிக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாம், அதற்கு முன்னும் நீ எனக்குக் கை தந்ததில்லை, பின்னும் இல்லை. ஏன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். கத்தி இல்லை என்று காட்டுகிறவன்தான் கை நீட்டுவான் என்று நீயே எழுதினாய்.

நானும் இப்போது உன் தொழில்காரன். உங்கள் வழக்கப்படி நாம் கை குலுக்கத் தேவையில்லை. ஆனால் உனக்கும் எனக்கும் இடையில் அந்த வழக்கம் இன்னும் செல்லாது. நீ வா. முதலில் சிவமணி அக்கா வீட்டுக்குப் போ. வாளியை எடுத்து, அந்த ஒழுங்கையால் சுற்றி, கிணற்றுக்கு நடந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து அவவுக்குக் கொடு. எவ்வளவு தூரம் என்று கால் சொல்லும். பிறகு என் வாசலில் நின்று கையை நீட்டு. நான் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பேன்.

பஞ்சலிங்கம்


கிளேட்டன்
1974 ஒக்டோபர் 20

அன்புள்ள பஞ்சலிங்கம்,

அன்புள்ள என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், வேண்டுமானால் நீ வெட்டிவிடு.

டிசம்பர் பதினான்காம் திகதி கொழும்பில் இறங்குகிறேன், தனியாக. பெயர்ப்பட்டியலில் கையெழுத்துப் போடுவது திரும்பி வந்த பிறகுதான் என்று பெல்லமியிடம் சொன்னேன். கதிரை மூலையில் அப்படியே இருக்கும் என்றார். இயானிஸ் கடைசியில் ஒத்துக்கொண்டார், மேன்முறையீடு அடுத்த வருடம் வருகிறது. அதற்கு முன் திரும்பி பெல்லமிக்குப் புத்தகம் தேடிக் கொடுக்க வேண்டும்.

நீ உன் மட்டுவில் வழக்கில் உனக்கு எதிரான தீர்ப்பை எடுத்து நீட்டினாய் என்று பெல்லமிக்கு வாசித்துக் காட்டினேன். எழும்பி நின்று கேட்டார். உன் பெயர் என்ன என்று கேட்டு, பஞ்சலிங்கம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மிஸ்டர் போடவில்லை.

பதினைந்தாம் திகதி விடிய இரவுத் தபால் ரயிலில் வந்து இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, நேரே சிவமணி அக்கா வீட்டுக்குத்தான் போவேன். வெள்ளன எழும்பித் தண்ணீர் எடுத்து வைத்துவிட வேண்டாம் என்று அவவிடம் சொல்லிவிடு.

தில்லைநாதன்